மரத்தில் வீடு கட்டியது மடத்தனமா?



லாஸ் ஏஞ்சல்ஸ் தீ பற்றிய ஒரு வீடியோ நம் குழுக்களில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. "மரத்திலும் அட்டையிலும் வீடு கட்டினால் எரியாமல் என்ன செய்யும்? நம்மூர்க் கொத்தனார் நாலு பேரை அனுப்புங்கள்" என்று கேலி பேசும் வீடியோ. பொறியியல் படித்த பிள்ளைகளும் அதற்குச் சிரிப்பு எமோஜி போட்டிருக்கிறீர்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில், மரம் ஏன்? கலிபோர்னியா நிலநடுக்கம் வரும் பூமி. 1933 மார்ச் 10 மாலை லாங் பீச்சில் நிலம் குலுங்கியபோது ஏறத்தாழ 70 பள்ளிகள் நாசமாயின. பெரும்பாலும் செங்கல் கட்டடங்கள். மணி ஆறை நெருங்கியிருந்ததால் பிள்ளைகள் வீட்டுக்குப் போயிருந்தார்கள். அதுவே காலை பதினோரு மணிக்கு நடந்திருந்தால்? வகுப்பில் நின்று பாடம் நடத்தியவளுக்கு இந்தக் கேள்வியைச் சுலபமாகத் தாண்டிப்போக முடியாது. ஒரே மாதத்தில் பள்ளிக் கட்டடங்களுக்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள். லேசான மரச்சட்ட வீடு குலுக்கலுக்கு வளைந்து கொடுக்கும். கம்பி கட்டாத செங்கல் சுவர் தலையில் விழும். கம்பி கட்டிய கான்கிரீட் இரண்டையும் தாங்கும் என்பீர்கள். சரிதான். ஆனால் எல்லாம் இழந்தவரிடம் போய் அதிகச் செலவாகும் வீட்டைக் கட்டச் சொல்வது யோசனை ஆகுமா?

இரண்டாவது, வீடு எப்படி எரிகிறது? தீ சுவர் போல நடந்து வந்து வீட்டை விழுங்குவதாக நினைக்கிறோம். பல வீடுகளைக் கொளுத்துவது காற்றில் பறந்து வரும் கங்குகள். ஒரு மைலுக்கு அப்பாலிருந்தும் வரும். கூரைக்கு அடியில் காற்றுப் போக விட்ட துவாரம் வழியாக உள்ளே நுழையும். மழைத்தண்ணீர்க் குழாயில் சேர்ந்த சருகில் விழும். வெப்பத்தில் ஜன்னல் கண்ணாடி வெடித்தால், சுவர் செங்கல்லாக இருந்தும் உள்ளே இருக்கும் மெத்தையும் திரையும் பற்றிக்கொள்ளும். 2009 பிப்ரவரி 7 அன்று ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 173 பேர் இறந்தார்கள், 2,000-க்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன. வெளிச்சுவர் செங்கல்லால் ஆன வீடுகளும் அதில் உண்டு.

நல்ல ஆர்க்கிடெக்ட் செய்யும் வேலை இங்கேதான் தொடங்குகிறது. துவாரத்துக்கு மிக நுண்ணிய கம்பி வலை, தீப்பிடிக்காத கூரை, இரட்டைக் கண்ணாடி ஜன்னல், வீட்டைச் சுற்றி 5 அடிக்குச் செடி, மர வேலி, விறகு எதுவும் இல்லாத வெற்றிடம். பார்க்கச் சின்ன விஷயங்கள். 2008-இல் கலிபோர்னியா இவற்றில் பலவற்றைத் தீ அபாயப் பகுதிகளில் கட்டும் புது வீடுகளுக்குக் கட்டாயமாக்கியது. பத்து வருடம் கழித்து, 2018 நவம்பர் 8 அன்று, பாரடைஸ் என்ற ஊர் எரிந்தது. 85 பேர் பலி, 18,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் சாம்பல். தீயின் பாதையில் இருந்த தனி வீடுகளில் 2008-க்குப் பின் கட்டியவை ஏறத்தாழ பாதி தப்பின. அதற்கு முன் கட்டியவற்றில் தப்பியது ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. இரண்டு வகையிலும் பெரும்பாலும் மரச்சட்டம்தான். வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று நீங்களே சொல்லுங்கள்.

விதி மட்டும் போதாது என்பதற்கும் உதாரணம் உண்டு. 2017-இல் சாண்டா ரோசாவின் காஃபி பார்க் பகுதியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன. அப்போது அது அரசு வரைபடத்தின் அபாய எல்லைக்குள் இருக்கவில்லை. அதனால் திரும்பக் கட்டும்போதும் அந்த விதிகள் அங்கே கட்டாயமாக இருக்கவில்லை! எரிந்த மண்ணில் நின்றுகொண்டு வரைபடத்தைக் காட்டுவது என்ன நியாயம்? சட்டம் கேட்காததையும் வீட்டுக்காரரிடம் எடுத்துச் சொல்ல வேண்டியது, கையில் பேனா வைத்திருப்பவரின் கடமை.

மூன்றாவதுதான் முக்கியம். வீடு திரும்ப வந்துவிடும், அதே ஆட்கள் திரும்ப வருவார்களா? 2025 ஜனவரி 7 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே ஆல்டடீனாவைத் தீ பிடித்தது. 19 பேர் இறந்தார்கள். 9,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் போயின. மற்ற இடங்களில் கறுப்பின மக்களுக்கு வீடு விற்க மறுத்த காலத்தில், அவர்கள் வாங்க முடிந்த ஊர் அது. தாத்தா பாட்டி வாங்கிய வீட்டில் பேரப்பிள்ளைகள் இருந்தார்கள். சாம்பல் ஆறும் முன்பே மனையை விலை பேச ஆட்கள் வந்துவிட்டார்கள். "ஆல்டடீனா விற்பனைக்கு அல்ல" என்று மக்கள் பலகை வைத்தார்கள். பலகை மட்டும் எத்தனை நாள் தாங்கும்? வாடகை ஒரு பக்கம், இன்சூரன்ஸ் பணம் பற்றாத கவலை ஒரு பக்கம், பிளான் அப்ரூவலுக்கு மாதக்கணக்கில் அலைச்சல் ஒரு பக்கம் என்றால், வயதானவர் விற்றுவிட்டுப் போகத்தான் செய்வார்.

இதைப் புரிந்துகொண்ட சில ஆர்க்கிடெக்டுகள் அங்கே ஃபுட்ஹில் கேட்டலாக் என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். அந்த ஊரின் பழைய வீடுகளின் சாயலில், தீயைத் தாங்கும் விதத்தில், சில பிளான்களை வரைந்து முன்கூட்டியே கவுண்டி அனுமதி வாங்கி வைப்பது. வீடு இழந்தவர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும். வரைபடச் செலவும் குறையும், காத்திருக்கும் காலமும் குறையும். பாரடைஸில் நகர வடிவமைப்பாளர்கள் முதலில் செய்தது ஊர் மக்களைக் கூட்டிப் பேச்சைக் கேட்டது. மக்கள் அபாயச் சங்கு கேட்டார்கள், தப்பிக்கும் சாலை கேட்டார்கள், மின்கம்பியை மண்ணுக்கடியில் கொண்டுபோகச் சொன்னார்கள். யாரும் அழகான மாளிகை கேட்கவில்லை.

என் பிள்ளைகளில் சிலர் கலிபோர்னியாவில் இருக்கிறீர்கள், சிலர் கட்டடத் துறையில் இருக்கிறீர்கள். உங்களுக்கு ஒரு வேண்டுகோள். வீடு இழந்த ஒரு முதியவரோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்காருங்கள். இன்சூரன்ஸ் தாளைப் படித்துச் சொல்லுங்கள், அனுமதி விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுங்கள், தெரிந்த ஆர்க்கிடெக்டிடம் காசு வாங்காமல் ஒரு பிளானைப் பார்த்துத் தரச் சொல்லுங்கள். மற்றவர்கள், அந்த வீடியோவை இன்னொருவருக்கு அனுப்பாமல் இருங்கள். அதுவே பெரிய உதவி.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள். எமோஜி வேண்டாம், வாக்கியமாக எழுதுங்கள். பதில் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்