பரணில் இல்லாத கடிதக் கட்டு

எழுத்தாளர் ஒருவர் மறைந்தால் இரங்கற் கூட்டம் நடத்துகிறோம், சிறப்பிதழ் கொண்டுவருகிறோம், கையெழுத்துப் படிகள் எங்கே என்று பரணைக் குடைகிறோம். அவருடைய கணினியை மட்டும் எவரும் கேட்பதில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் அது துடைத்தழிக்கப்பட்டுப் பேரப்பிள்ளையின் விளையாட்டுக்குப் போய்விடுகிறது. அதனுள் கிடந்த பத்தாண்டுக் கடிதங்களுக்கு இரங்கற் கூட்டம் கிடையாது.

புதுமைப்பித்தன் தம் மனைவிக்கு எழுதிய கடிதங்கள் 'கண்மணி கமலாவுக்கு' என்று நூலாயின. கு. அழகிரிசாமி கி. ராஜநாராயணனுக்கு எழுதியவையும் நூலாயின. வீட்டில் யாரோ அவற்றை எறியாமல் வைத்திருந்தார்கள், அவ்வளவுதான் காரணம். காகிதம் பொறுமையானது, கரையான் அரித்தாலும் பாதியாவது மிஞ்சும். 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் நம் எழுத்தாளர்கள் பலர் உள்நாட்டுக் கடிதத்தாளை விட்டு மின்னஞ்சலுக்கு மாறினார்கள். அந்தக் கடிதங்களின் பரண் எது என்று கேட்டால், "அதெல்லாம் கணினிக்காரர் சமாசாரம்" என்று முகம் திருப்பிக்கொள்வதை ஓர் இலக்கியத் தகுதியாகவே சிலர் பாவிக்கிறார்கள். இந்தப் பெருமிதத்தோடுதான் நமக்கு வழக்கு.

கணினிக்காரரிடம் விட்டால் என்ன ஆகும் என்பதைப் பார்ப்போம். 2004இல் ஜிமெயில் ஒரு ஜிபி இடம் தருவதாக அறிவிக்கும் வரை, இலவச அஞ்சற்பெட்டிகள் சில எம்பிக்கு மேல் தாங்காதவை. ஆகவே அவுட்லுக்கைப் பயன்படுத்தியவர்கள் மடல்களைத் தம் கணினிக்கு இறக்கிக்கொண்டார்கள். இறக்கியதும் சேவைக்கணினியிலிருந்து அவை அழிந்தன. உலகில் எஞ்சியிருந்த ஒரே படி, 'பிஎஸ்டி' என்ற பின்னொட்டுக் கொண்ட ஒற்றைக் கோப்பு. அந்தக் கோப்பை விண்டோஸ் எக்ஸ்பி எங்கே வைத்தது? சாதாரணமாகப் பார்த்தால் கண்ணுக்கே தெரியாத, மறைக்கப்பட்ட ஓர் அடைவின் அடிவயிற்றில். பழுதுபார்க்கும் கடைக்காரர் நல்லவர்தான். 'மை டாக்குமெண்ட்ஸ்' முழுவதையும் குறுந்தகட்டில் பதிந்து பத்திரமாகக் கையில் தந்தார், பிறகு சி டிரைவை ஃபார்மேட் செய்தார். கதைகளும் கட்டுரைகளும் பிழைத்தன. கடிதங்கள் போயின. போனது என்பதே பல மாதங்கள் கழித்துத்தான் தெரிய வந்தது. அவுட்லுக் எக்ஸ்பிரஸ் பயன்படுத்தியவர் கதியும் இதுவே. அதன் 'டிபிஎக்ஸ்' கோப்புகளும் அப்படியொரு மறைவிடத்திலேதான் கிடந்தன.

கோப்பைத் தேடிக் கண்டுபிடித்தவர்க்கும் ஒரு பொறி உண்டு. பழைய அவுட்லுக், பயனர் 'சரி' என்று யோசியாமல் அழுத்திய ஒரு கேள்வியை நம்பி, சில மாதங்களுக்கு முற்பட்ட மடல்களைத் தானாகவே இன்னொரு பிஎஸ்டி கோப்புக்கு நகர்த்திவிடும். முதற்கோப்பை மட்டும் படியெடுத்துத் திருப்தியடைந்தவர் தம் பழைய கடிதங்களை, அதாவது எவற்றுக்காக இந்த வேலையில் இறங்கினாரோ அவற்றையே, விட்டுவிட்டு வந்திருப்பார்.

இன்னும் கொடியது அளவு. அவுட்லுக் 2002 வரையிலான பிஎஸ்டி கோப்பு 2 ஜிபியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் திறக்காது. அதற்கு மைக்ரோசாஃப்ட் தந்த மருந்து, கோப்பின் ஒரு பகுதியை வெட்டியெறிந்து மீதியைத் திறக்கவைக்கும் ஒரு கருவி! எந்தக் கடிதம் வெட்டுப்பட்டது என்று யாரைப் போய்க் கேட்பது? அவுட்லுக் 2003 புதிய அமைப்பைக் கொண்டுவந்து எல்லையை 20 ஜிபியாக உயர்த்தியது. 2010இல் அது 50 ஆயிற்று. ஆனால் பழைய கோப்பைப் புதிய மென்பொருளில் திறந்தால் மட்டும் போதாது. கோப்பு பழைய அமைப்பிலேயே கிடக்கும். புதிய கோப்பொன்றை உருவாக்கி மடல்களை அதனுள் படியெடுத்தாக வேண்டும்.

தமிழர்க்கு இது வெறும் கொள்ளளவுக் கணக்கு அன்று. அந்தப் பழைய அமைப்பு யூனிகோடு அறியாதது. தலைப்பு, அனுப்பியவர் பெயர் முதலியவற்றை எட்டுப் பிட்டுக் குறியீட்டிலேயே அது எழுதிவைத்தது; விண்டோஸிலோ தமிழுக்கென அப்படியொரு குறியீட்டுப் பட்டியலே இருந்ததில்லை. விளைவு, தமிழில் இட்ட தலைப்புகள் கேள்விக்குறிகளின் அணிவகுப்பாயின. ஒருமுறை கேள்விக்குறியாகி எழுதப்பட்டது மீண்டும் தமிழாகாது. இதற்கு மாறாக, திஸ்கியில் எழுதிய மடல் இன்று இலத்தீன் குப்பைபோலத் தெரிந்தாலும் சாகவில்லை. யூனிகோடுக்கு மாற்றினால் வரிக்குவரி உயிர்த்தெழும். "படிக்க முடியவில்லை, அழித்துவிடு" என்கிறவர் எதை அழிக்கிறார் என்று அறியாமலே அழிக்கிறார்.

அச்செடுத்து வைத்தால் போதாதா என்பார்கள். எடுத்த வரைக்கும் நல்லதே. ஆனால் எது எதற்குப் பதில், எந்த இணைப்பில் சிறுகதையின் எந்த வரைவு வந்தது என்பதெல்லாம் கோப்பில்தான் இருக்கின்றன. அந்தரங்கம் என்பார்கள். வைத்திருப்பதும் வெளியிடுவதும் ஒன்றல்ல. ஐம்பதாண்டு முத்திரையிட்டும் வைக்கலாம். கடவுச்சொல் தெரியவில்லை என்று கையை விரிப்பார்கள். பிஎஸ்டி கோப்பின் கடவுச்சொல் உள்ளிருப்பதைப் பூட்டுவதே இல்லை; வாசலில் நிற்கும் வெறும் சரிபார்ப்பு எண் அது. மைக்ரோசாஃப்ட் 2010இல் வெளியிட்ட அமைப்பு விளக்கமே அதைச் சொல்கிறது. பூட்டாத கதவின் முன் நின்று சாவி தொலைந்ததாக அழுதவர்கள் எத்தனை பேரோ.

பிற இடங்களில் என்ன நடக்கிறது என்பதையும் சொல்லிவைப்போம். பிரிட்டிஷ் நூலகம் 2011இல் கவிஞர் வெண்டி கோப்பின் ஆவணங்களை விலைகொடுத்து வாங்கியபோது அவற்றுள் ஏறத்தாழ 40,000 மின்னஞ்சல்கள் இருந்தன. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக நூலகம், மின்னஞ்சல் தொகுதிகளை ஆராய்ந்து அடுக்குவதற்கென்றே 'ஈபேட்' என்னும் மென்பொருளை ஆக்கி இலவசமாகத் தருகிறது. அங்கே மடற்கோப்பும் கையெழுத்துப் படிதான்.

இங்கே நூலகம் வாங்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். அவுட்லுக்கை மூடிவிட்டு (திறந்திருக்கும்போது கோப்பு படியெடுக்க விடாது) கணினி முழுவதிலும் பிஎஸ்டி என்ற பின்னொட்டைத் தேடுங்கள், மறைந்த அடைவுகளையும் சேர்த்து. 'ஓஎஸ்டி' என்று ஒன்று அகப்பட்டால் அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். அது சேவைக்கணினியில் உள்ளதன் நிழற்படி, தன் கணக்கை விட்டுப் பிரிந்தால் அவுட்லுக் அதைத் திறக்காது. கிடைத்தவற்றை முதலில் அப்படியே படியெடுத்துத் தனியே வையுங்கள். பழுதுநீக்கும் 'ஸ்கேன்பிஎஸ்டி' கருவியையும் படியின்மீதே ஓட்டுங்கள், ஒருபோதும் மூலத்தின்மீது அன்று. பிறகு ஆண்டுக்கொரு கோப்பாகப் பிரித்து, 'எம்பாக்ஸ்' வடிவிலும் ஒரு படி மாற்றிக்கொள்ளுங்கள். 'ரீட்பிஎஸ்டி' என்ற கட்டற்ற மென்பொருள் அதைச் செய்யும். எம்பாக்ஸ் வெறும் எழுத்துக்கோப்பு. அவுட்லுக்கே இல்லாத காலத்திலும் திறக்கும்.

மறைந்தவரின் கணினி உங்கள் வீட்டில் இருக்குமானால், பேரனிடம் இன்னும் ஒரு வாரம் பொறுக்கச் சொல்லுங்கள்.