எந்தக் கமரா எண்டு கேக்காதேங்கோ

போன மாதம் ஒரு நாள் இரவு பதினொரு மணிக்கு சித்தியின் மகள் வட்ஸ்அப்பில் ஒரு கேள்வி அனுப்பினாள். "அண்ணா, கெனன் ஜி7 எக்ஸ் மார்க் 3 வாங்கவா, சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 7 வாங்கவா? நாளைக்குக் கடைக்கு அட்வான்ஸ் குடுக்கோணும்." கூடவே ஏழு யூடியூப் லிங்க்.

அதே கேள்வியைக் குடும்பக் குழுமத்திலும் போட்டிருந்தாள். ஐந்து நிமிடத்தில் பதில்கள் குவிந்துவிட்டன. கனடாவில் இருக்கிற மாமா: "சோனி தான் பிள்ளை, கண்ணை மூடிக்கொண்டு எடு." கொழும்பில் வேலை செய்கிற மச்சான்: "வ்ளொக் செய்யிற எல்லாரும் கெனன் தான் வைச்சிருக்கினம்." இன்னொருத்தர்: "நல்ல போன் இருக்கேக்க கமரா என்னத்துக்கு?"

நீ எதைப் படம் எடுக்கப்போறாய் என்று ஒருத்தரும் அவளைக் கேட்கவில்லை.

எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். அவள் இரண்டு வருடமாகச் சீட்டுக் கட்டிச் சேர்த்த காசு அது. அதைச் செலவழிக்க வழி சொன்ன எல்லாரும் கமராவைப் பற்றிக் கதைத்தார்கள்; அவளைப் பற்றி ஒருத்தரும் கதைக்கவில்லை. எங்கட பெடியள் யூடியூப்பில் செய்கிற "ஒப்பீடு" வீடியோக்களிலும் பெரும்பாலும் இதே கதைதான். பெட்டியைத் திறப்பார்கள், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார்கள், வெளிநாட்டு வீடியோவில் வந்த அட்டவணையைத் தமிழில் வாசிப்பார்கள், கடைசியில் "ரெண்டும் நல்ல கமரா, உங்கட தேவைக்கு ஏத்த மாதிரி வாங்குங்கோ" என்று முடிப்பார்கள். அந்தத் தேவை என்ன என்பதில் அல்லவா வீடியோ தொடங்கியிருக்க வேண்டும்?

சரி, அந்த அட்டவணையையே எடுப்போம். இரண்டும் 2019 ஜூலையில் அறிவிக்கப்பட்டவை. இரண்டிலும் 20.1 மெகாபிக்சல். இரண்டிலும் "1 அங்குல" சென்சர். கெனன் 304 கிராம், சோனி 302 கிராம். இரண்டும் 4கே வீடியோ எடுக்கும், இரண்டிலும் மைக் பூட்ட இடம் இருக்கு. இவ்வளவையும் வாசித்து முடித்தவருக்கு ஒரு வித்தியாசமும் தெரிந்திராது.

முதலில் அந்த அங்குலக் கதையை முடிப்போம். 1 அங்குல சென்சரில் எந்தப் பக்கமும் ஒரு அங்குலம் இல்லை. அதன் அளவு 13.2 மில்லிமீற்றருக்கு 8.8 மில்லிமீற்றர். பழைய தொலைக்காட்சிக் கமராக்களில் இருந்த கண்ணாடிக் குழாயின் வெளிவிட்டத்தை வைத்துச் சொன்ன கணக்கு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனாலும் இது கொம்பக்ட் கமராவுக்குப் பெரிய சென்சர்தான். சாதாரண மலிவுக் கொம்பக்டுகளில் இருக்கிற சென்சரை விடப் பரப்பில் நாலு மடங்கு.

மெகாபிக்சல் கதை இதைவிட மோசம். இன்ஸ்டகிராமில் நீங்கள் போடுகிற நெடுக்குப் படம் 1080க்கு 1350 புள்ளி. பெருக்கிப் பாருங்கள், ஒன்றரை மெகாபிக்சல்கூட இல்லை. ஏ4 தாளில் நல்ல தரத்தில் அச்சடிக்க 9 மெகாபிக்சலுக்குள் காணும். அப்படியிருக்க, இணையக் கடைகளில் சின்னக் கமராக்களை "48 மெகாபிக்சல்" என்று போட்டு விற்கிறார்கள். பலவற்றில் உள்ளே இருக்கிறது பழைய போனில் இருந்த மாதிரி ஒரு துளிச் சென்சர்தான். படத்தை மென்பொருள் ஊதிப் பெருப்பிக்கிறது, அவ்வளவுதான். தண்ணி கலந்த பாலை லீற்றர் கணக்கில் விற்கிற வேலை. கடையில் ஒரு பிள்ளை போய் நின்றால் அந்த ரோஸ் கலர் கமராவைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார்கள், "தங்கச்சிக்கு இதுதான் ஈஸி" என்று. அந்தத் தங்கச்சிக்கு லென்ஸைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள்.

உண்மையான வித்தியாசம் இருக்கிறது அந்த லென்ஸில்தான்.

கெனனின் லென்ஸ் அகலக் கோணத்தில் எஃப் 1.8க்குத் திறக்கும். சோனியினது எஃப் 2.8. இலக்கம் சின்னதாக இருந்தால் லென்ஸின் வாய் பெரிது, உள்ளே போகிற வெளிச்சம் கூட. கணக்குப் பார்த்தால் கெனனுக்குள் ஏறத்தாழ இரண்டரை மடங்கு வெளிச்சம் போகிறது. இதை எங்கட வீட்டுக்குள் கொண்டுவந்து பாருங்கள். இரவு, குசினியில் ஒரு பல்ப். கெனனில் ஐஎஸ்ஓ 1600 வைத்து எடுக்கக்கூடிய படத்தை, அதே வேகத்தில் எடுக்கச் சோனியில் 4000 அளவுக்கு ஏற்ற வேண்டும். ஏற்ற ஏற்றப் படத்தில் மணல் தூவின மாதிரிப் புள்ளி விழும், தோலின் நிறம் செத்துப்போகும். எங்கட தோலின் நிறத்துக்கு, எங்கட வீட்டு வெளிச்சத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை. அந்த ஏழு வீடியோக்களில் ஒன்றிலாவது ஒரு கறுத்த மனிசரை இரவு பல்ப் வெளிச்சத்தில் எடுத்துக் காட்டினார்களா? எல்லாம் பகல் வெயிலில், பூச்செடிக்கு முன்னால்.

அப்ப கெனன்தான் வென்றதா? இல்லை, பொறுங்கோ.

கெனன் 100 மில்லிமீற்றரோடு நின்றுவிடும். சோனி 200 வரைக்கும் போகும். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் கயிற்றுக்கு வெளியே நின்று ஓடுகிற பிள்ளையை எடுக்க, மாட்டுவண்டிச் சவாரியில் தூசிக்குள் வருகிற மாட்டின் முகத்தை எடுக்க, குளக்கரையில் கொக்கை எடுக்க, அந்த 200 வேணும். ஓடுகிறதைப் பிடிக்கிற ஃபோகஸும் வேணும். சோனியில் அதற்கென்று 357 ஃபேஸ் டிடெக்ஷன் புள்ளிகள் இருக்கு. கெனன் கொன்ட்ராஸ்ட்டை வைத்துத்தான் ஃபோகஸ் தேடும். முன்னே போய், பின்னே வந்து, தடவிப் பிடிக்கும். நிற்கிற ஆளுக்கு அது காணும். நடந்துகொண்டு கதைக்கிற ஆளை வீடியோ எடுக்கும்போது முகம் மங்கித் தெளிந்து மங்கும். வேடிக்கை என்னவென்றால், யூடியூப்புக்கு நேரலை விடலாம், வ்ளொக் செய்யலாம் என்று விளம்பரம் பண்ணப்பட்டது கெனன். வீடியோவில் ஃபோகஸ் பலவீனம் என்று பேர் வாங்கினதும் அதேதான். "எல்லாரும் வைச்சிருக்கினம்" என்பதற்குப் பின்னால் இருக்கிற சங்கதி இது.

ஆக, வெளிச்சம் குறைந்த இடத்தில் கிட்ட இருக்கிற ஆட்களுக்கு ஒன்று. வெயிலில், தூரத்தில், ஓடுகிறதுக்கு மற்றது. எது நல்லது என்று யாராவது ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னால் அவர் உங்களுக்குப் பதில் சொல்லவில்லை, தான் வாங்கினதை நியாயப்படுத்துகிறார்.

இனிக் காசு. அமெரிக்காவில் கெனன் 749 டொலருக்கு வந்தது, சோனி ஏறத்தாழ 1,200 டொலருக்கு. 2019 ஜூலையில் டொலர் ஏறத்தாழ 176 ரூபா. கெனன் 1 லட்சத்து 32 ஆயிரம் வரும். 2022இல் ரூபா விழுந்த பிறகு, 300 ரூபா என்று கணக்குப் பார்த்தால், அதே கமரா 2 லட்சத்து 25 ஆயிரம். வரியும் கடைக்காரரின் இலாபமும் அதற்கு மேலே. டிக்டொக்கில் இந்தக் கமராவுக்குக் கிராக்கி ஏறின பிறகு, பழைய கமராவே முதல் விலைக்கு மேலே போகிறது. கமரா மாறவில்லை. மாறினது ரூபாவும், எங்கட ஆசையும்.

ஒப்பீட்டு வீடியோக்கள் சொல்லாத இன்னொன்று இருக்கு. இந்த இரண்டுக்கும் வெளியே கதவு திறந்திருக்கு. 2016இல் வந்த ஜி7 எக்ஸ் மார்க் 2இலும் 1 அங்குல சென்சர்தான், 20.1 மெகாபிக்சல்தான், 24 முதல் 100 வரை, எஃப் 1.8 முதல் 2.8 வரை போகிற லென்ஸ்தான். அதில் இல்லாதது 4கேயும் மைக் பூட்டுகிற இடமும். படம் மட்டும் எடுக்கிற ஆளுக்கு மார்க் 3இன் விலை எதற்கு? 2014இல் வந்த சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 3இலும் எஃப் 1.8 லென்ஸ் இருக்கு, 70 மில்லிமீற்றரோடு நிற்கும், அவ்வளவுதான். பாவிச்சது வாங்கப் போனால் உங்கட மெமரி கார்டைக் கொண்டுபோங்கோ. கமராவை நாலைந்து தரம் போட்டு நிறுத்திப் பாருங்கோ, லென்ஸ் இடறாமல் வெளியே வந்து உள்ளே போகுதா என்று. வெள்ளைச் சுவரை வாயைச் சிறிதாக்கி எடுங்கோ, சென்சரில் தூசி இருந்தால் கறுப்புப் பொட்டாகத் தெரியும். கடையின் இருட்டான மூலையில் நிற்கிற ஆளை எடுங்கோ. வீட்டில் பெரிய திரையில் போட்டுப் பார்த்த பிறகு காசு குடுங்கோ. "இப்பவே எடுக்காட்டி போயிடும்" என்று அவசரப்படுத்துகிறவரிடம் வாங்காதேங்கோ.

"போன் காணும்" என்கிறவர்களுக்கும் ஒரு சொல். பலருக்குக் காணும்தான், அதில் வெட்கம் இல்லை. ஆனால் போனில் எடுத்த படத்துக்கு என்ன நடக்குது? போன் விழுந்தால் போச்சு, களவு போனால் போச்சு, வட்ஸ்அப்பில் அனுப்பினால் சுருங்கிப் போச்சு. இதைக் கமரா வாங்குகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இரண்டு லட்சத்துக்குக் கமரா வாங்கி, மூன்று வருடப் படத்தையும் ஒரே கார்டில் வைத்திருக்கிற ஆட்களை எனக்குத் தெரியும்.

படம் இல்லாமல் போகிறது என்றால் என்ன என்று எங்களுக்கு வேறு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. எங்கட வீட்டில் அப்பாவின் சின்ன வயதுப் படம் ஒன்றும் இல்லை. அல்பம் இடம்பெயர்வில் போனது. வன்னியில் எத்தனையோ வீடுகளில் 2009க்கு முந்தின படம் என்று காட்ட எதுவும் இல்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கின, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகளின் போராட்டத்தில் அம்மாக்கள் மடியில் வைத்திருந்த படங்களை நினைத்துப் பாருங்கள். அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்தது, கலியாண வீட்டுக் கூட்டத்தில் இருந்து ஒரு முகத்தை மட்டும் வெட்டியெடுத்தது. எத்தனை மெகாபிக்சல் என்று யாரும் கேட்கவில்லை. அந்த ஒரு படம் தப்பியிருந்ததே பெரிய காரியம்.

அதனால்தான் சொல்கிறேன், எங்கட ஒப்பீட்டு அட்டவணையில் இன்னும் இரண்டு வரி வேணும். யாரை எடுக்கப்போறன்? எடுத்த படம் பத்து வருடம் கழித்து எங்கே இருக்கும்? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் இல்லாமல் 450 டொலர் வித்தியாசத்தைப் பற்றி விடிய விடியச் சண்டை பிடிக்கிறது வீண். அந்த வித்தியாசம் இன்றைய கணக்கில் 1 லட்சத்து 35 ஆயிரம். அதில் ஒரு மேலதிக பற்றரி வாங்கலாம் (இரண்டு கமராவும் ஒரு சார்ஜில் 300 படத்தைத் தாண்டாது என்பதுதான் கம்பனிக் கணக்கு), இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கி இரண்டு வீட்டில் வைக்கலாம், வருடா வருடம் நல்ல படங்களை அச்சடிக்கலாம்.

அன்றிரவு தங்கச்சிக்கு நான் எந்தக் கமராவின் பெயரையும் எழுதவில்லை. "நீ எடுக்க ஆசைப்படுற பத்துப் படத்தை எழுதி அனுப்பு" என்று மட்டும் போட்டேன். விடிய ஆறு மணிக்குப் பட்டியல் வந்தது. அம்மம்மா பெட்டி இழைக்கிறது. அம்மம்மாவின் கை. அடுப்படி, விடியற்காலை. கோயில் பூங்காவனம், இரவு. அம்மாவும் சித்தியும் சண்டை பிடிக்கிறது. பத்தில் எட்டு வீட்டுக்குள்ளே, நாலு முழத்துக்குள்ளே. 200 மில்லிமீற்றர் கேட்கிற படம் ஒன்றும் இல்லை. வீடியோ ஒன்றே ஒன்று.

அட்வான்ஸ் குடுக்கவில்லை. மூன்று கிழமை தேடிப் பாவிச்ச மார்க் 2 ஒன்று எடுத்தாள். மிச்சக் காசில் ஒரு பற்றரியும் ஒரு ஹார்ட் டிஸ்க்கும். போன ஞாயிறு குழுமத்தில் ஒரு படம் போட்டாள். பல்புக்குக் கீழே அம்மம்மா, மடியில் பாதி இழைத்த பெட்டி, ஓலை இழுக்கிற கை கொஞ்சம் அசைந்திருக்கு, முகம் தெளிவு. இரண்டு பிரதி அச்சடித்து ஒன்றை அம்மம்மாவின் ட்ரங்குப் பெட்டிக்குள் வைத்துவிட்டாளாம்.

கனடா மாமாதான் முதலில் பதில் போட்டார். "அருமை பிள்ளை. இது எந்தக் கமரா?"