வார் பிடித்த தவில்



தமிழ்ப் பாடசாலை ஆண்டு விழாவில் காட்சிக்கு வைக்க அந்தக்காலத் தவில் ஒன்றைச் செய்வதென்று நாங்கள் நாலு பேர் முடிவெடுத்தோம். எல்லாரும் தொழிற்சாலை ஆட்கள். இரண்டு சனிக்கிழமை போதும் என்று நினைத்தோம். மூன்று மாதம் எடுத்தது.

இப்போது கோயில்களில் நீங்கள் பார்க்கும் தவிலில் இரும்புக் கம்பியும் நட்டும் போல்ட்டும் இருக்கும். திருகினால் தோல் இறுகும். முன்பு இரண்டு பக்கத்தையும் இழுத்துப் பிடித்தது தோல் வார். அதைத்தான் நாங்கள் செய்ய விரும்பினோம்.

தவில் கட்டை ஒரே பலாமரத் துண்டில் குடைந்தெடுப்பது. இங்கே பலாவுக்கு எங்கே போவது? ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்து ஒரு மாரியில் வெடித்துப்போன பழைய தவில் ஒன்று கிடைத்தது. (வீட்டில் மிருதங்கம், வீணை வைத்திருப்பவர்கள் கவனம்!) கம்பிகளைக் கழற்றி வெடிப்பை அடைத்தோம். பூந்தோட்டக் கடையில் மூங்கில் வாங்கிப் பிளந்து, ஐந்தாறு கீற்றாகச் சேர்த்துச் சணல் கயிற்றால் வரிந்து வளையம் செய்தோம்.

தோலில்தான் நின்றுபோனோம். எங்களுக்கு வழிகாட்டிய தவில்கார ஐயாவுக்கு இடது பக்கத்தில் உள்ளே பூசும் ஆமணக்கெண்ணெய்ப் பசை வரைக்கும் தெரியும். வார் வெட்டத் தெரியாது. "அது அவையள் செய்து கொண்டுவந்து தாறது" என்றார்.

அவையள் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரியும். ஊரில் எங்கள் வீட்டுப் படலையோடு நின்று பேசிவிட்டுப் போனவர்கள். அவர்களில் ஒருவரின் மகன் எங்களோடு எட்டு வருடமாக இரவு வேலை செய்கிறார். ஒரு பிறந்தநாளுக்குக்கூட நாங்கள் அவரைக் கூப்பிட்டதில்லை.

போய்க் கேட்டோம். "அப்பா செய்யேக்க பார்த்திருக்கிறன். நான் இதைப் பழகக்கூடாதெண்டுதான் அவர் என்னைப் பள்ளிக்கூடம் அனுப்பினவர்" என்றார் அண்ணர். வேறொன்றும் சொல்லவில்லை. நாங்கள் திரும்பி வந்துவிட்டோம்.

இரண்டு கிழமை கழித்து அவரே கத்தியோடு வந்தார். ஊறவைத்த தோலை வட்டமாக எடுத்து, விளிம்பிலிருந்து சுற்றிச் சுற்றி உள்ளே வெட்டிக்கொண்டு போனார். ஒட்டுப் போடாத ஒரே நீள வார்! வலந்தலையை இறுக்கமாகவும் தொப்பியைத் தளர்வாகவும் இழுத்துக் கட்டினார். ஹீட்டரை நிறுத்திக் குளிரிலேயே காயவிடச் சொன்னார். தேநீர் கொடுத்தோம். குடித்தார். எங்களுக்குத்தான் கை நடுங்கியது.

எருமைத்தோல் கிடைக்காததால் வலந்தலைக்குக் கன்றுத்தோல் போட்டோம். அதைக் காட்சி அட்டையில் எழுதினோம். வார் பிடிக்கும் முறை யாருடையது என்று அண்ணரின் தகப்பனாரின் பெயரையும் எழுதினோம். "பெயர் என்னத்துக்கு?" என்றார் நிர்வாகத்தில் ஒருவர். எடுக்கவில்லை.

விழாவன்று ஐயா தட்டிப் பார்த்தார். வலந்தலை கொஞ்சம் தாழ்ந்து நின்றது.

"வார் இன்னும் காயேல்லை. நாளைக்கு ஒருக்கா இழுக்க வேணும்" என்றார் அண்ணர்.