13 ஆட்டம், 13 வெற்றி, 5-வது இடம்!

ஒரு சீசனில் பதிமூன்று ஆட்டம் ஆடி, பதிமூன்றிலும் ஜெயிக்கிறது ஒரு கல்லூரி அணி. சீசன் முடிந்தபோது அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலின் மேல் பிரிவில் ஒரு தோல்விகூட இல்லாத ஒரே அணி அதுதான். அப்ப சாம்பியன் அவங்கதானே என்கிறீர்களா? அதுதான் இல்லை. ஏபி ஓட்டெடுப்பில் கிடைத்தது ஐந்தாவது இடம். 2006 சீசனில் போய்சி ஸ்டேட் பல்கலைக்கழக அணிக்கு நடந்த கதை இது.

இந்த ஆட்டமே தெரியாதவர்களுக்கு ஒரு நிமிட விளக்கம். இது நாம் பார்க்கும் கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும், அல்லது முன்னால் இருக்கும் ஆளுக்கு வீச வேண்டும். பத்து கெஜம் முன்னேற நான்கு வாய்ப்பு. கடைசிக் கோட்டைத் தாண்டினால் டச்டவுன், ஆறு புள்ளி. அதற்குப் பிறகு பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் இன்னும் ஒன்று. தைரியம் இருந்தால் உதைக்காமல் மறுபடி கோட்டைத் தாண்டப் பார்க்கலாம், அதற்கு இரண்டு. இவ்வளவு போதும்.

போய்சி, ஐடஹோ மாநிலத்தின் தலைநகர். கல்லூரி 1932-ல் இரண்டு வருடப் படிப்போடு ஆரம்பித்தது. ஃபுட்பாலில் மேல் பிரிவுக்கு வந்ததே 1996-ல்தான். 1986-ல் போட்ட நீலநிற மைதானம்தான் அவர்கள் அடையாளம். 2006-ல் கிறிஸ் பீட்டர்சன் தலைமைப் பயிற்சியாளரானார், அவருக்கு அது முதல் வருடம். ஒரிகன் ஸ்டேட்டை 42-14, யூட்டாவை 36-3 என்று அடித்துவிட்டு, தங்கள் லீகிலும் எல்லாரையும் ஜெயித்து 12-0 என்று நின்றார்கள்.

இப்போது சிஸ்டத்துக்கு வருவோம். 1998 முதல் 2013 சீசன் வரை பிசிஎஸ் என்ற முறை இருந்தது. நாக்-அவுட் எல்லாம் கிடையாது. முதல் இரண்டு ரேங்க் அணிகள் ஒரே ஒரு ஆட்டம் ஆடும், ஜெயித்தவர் சாம்பியன். அந்த ரேங்கை எப்படிப் போட்டார்கள்? 2006-ல் இரண்டு ஓட்டெடுப்பு, சில கம்ப்யூட்டர் கணக்கு, ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. அந்த ஓட்டெடுப்புகளில் ஒன்றில் ஓட்டுப் போட்டவர்கள் அணிகளின் பயிற்சியாளர்கள்! பரீட்சை எழுதுகிறவனே பேப்பரும் திருத்துகிற மாதிரி. 12-0 அணிக்கு அவர்கள் எல்லாரும் சேர்ந்து கொடுத்த ரேங்க் 8.

காரணம்? "பெரிய அணிகளோடு ஆடவில்லையே." கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் பெரிய அணி எதற்காக போய்சிக்கு வரும்? ஜெயித்தால் ஒருத்தரும் பாராட்டப் போவதில்லை, தோற்றால் மானம் போகும். அதனால் வர மாட்டார்கள். வராமல் இருந்துவிட்டு, "நீ எங்களோடு ஆடவில்லை" என்று மார்க்கைக் குறைப்பார்கள். வேலை கேட்டால் அனுபவம் கேட்பார்கள், அனுபவத்துக்கு வேலை தர மாட்டார்கள். நமக்குத் தெரியாத விளையாட்டா இது :)

அந்த வருடம் ஒரு விதியைத் தளர்த்தியிருந்தார்கள். அதன்படி சின்ன லீகின் சாம்பியன் முதல் 12 ரேங்குக்குள் வந்தால் ஒரு பெரிய ஆட்டத்தில் இடம் உறுதி. அப்படித்தான் 2007 ஜனவரி 1 அன்று அரிசோனாவில், ஃபியஸ்டா போலில், ஓக்லஹோமாவை எதிர்கொண்டார்கள்.

போய்சி 28-10 என்று முன்னால் போனது. ஓக்லஹோமா விரட்டி வந்து சமன் செய்து, கடைசி நிமிடங்களில் 35-28 என்று தாண்டியும்விட்டது. மீதி 18 விநாடி. கடைசி வாய்ப்பு. தேவை 18 கெஜம். ஜாரெட் ஜப்ரான்ஸ்கி வீசிய பந்தை டிரிசான் ஜேம்ஸ் பிடித்து, அப்படியே எதிர்த்திசையில் ஓடிவந்த ஜெரார்ட் ராபிடம் தட்டிவிட, அவர் கோடு வரை ஓடிவிட்டார். 35-35!

கூடுதல் நேரத்தில் ஓக்லஹோமாவின் அட்ரியன் பீட்டர்சன் முதல் ஓட்டத்திலேயே டச்டவுன் போட்டார். பதிலுக்கு போய்சியும் போட்டு 42-41 ஆனது. உதைத்துச் சமன் செய்திருக்கலாம். இவர்கள் இரண்டு புள்ளிக்குப் போனார்கள். ஜப்ரான்ஸ்கி வலது கையால் வீசுவது போலப் பாவனை காட்டி, இடது கையால் முதுகுக்குப் பின்னால் பந்தை நீட்ட, இயன் ஜான்சன் வாங்கிக்கொண்டு ஓடினார். 43-42.

ஒரு வாரம் கழித்து, ஏற்கெனவே ஒரு தோல்வி கண்டிருந்த ஃப்ளோரிடா, நம்பர் 1 ஒஹாயோ ஸ்டேட்டை 41-14 என்று துவைத்து சாம்பியன் ஆனது. ஃப்ளோரிடா நல்ல அணிதான், மறுக்கவில்லை. போய்சியின் லீக் பலவீனமானதுதான், அதையும் மறுக்கவில்லை. சான் ஹோசே ஸ்டேட்டிடம் 23-20 என்று கடைசி நொடியில்தான் தப்பித்தார்கள். ஃப்ளோரிடாவோடு ஆடியிருந்தால் தோற்றிருக்கவும் கூடும். தோற்கட்டுமே! மைதானத்தில் தோற்பது வேறு, ஓட்டுப் பெட்டியில் தோற்பது வேறு. நிபுணர்கள் நம்பர் 1 என்று சொன்ன அணியே 27 புள்ளியில் மண்ணைக் கவ்விய வருடம் அது. அவர்கள் கணிப்பை நம்பி இன்னொரு அணிக்குக் கதவைச் சாத்தியது எந்த நியாயம்?

2014 சீசனில் நான்கு அணி பிளே-ஆஃப் வந்தது. 2024-ல் அது பன்னிரண்டு ஆனது. அந்த முதல் வருடமே போய்சி மூன்றாம் நிலையில் உள்ளே வந்தது. 2007-ல் வென்ற அதே ஸ்டேடியத்தில் பென் ஸ்டேட்டிடம் 31-14 என்று தோற்றது. எனக்கு வருத்தமே இல்லை. கேட்ட வாய்ப்பு கிடைத்தது, எதிரணி நன்றாக ஆடியது, கதை முடிந்தது. அந்த வருடம் கோப்பையை வென்ற ஒஹாயோ ஸ்டேட் பிளே-ஆஃபுக்கு முன்பே இரண்டு ஆட்டம் தோற்றிருந்தது. பழைய முறையில் அவர்களும் வீட்டில் உட்கார்ந்து டிவிதான் பார்த்திருப்பார்கள். கதவைத் திறந்ததில் பெரியவர்களுக்கும் லாபம்தான்.

2025 சீசனில் சின்ன லீக்குகளிலிருந்து வந்த டுலேன், ஜேம்ஸ் மேடிசன் இரண்டும் முதல் சுற்றிலேயே தோற்றன. உடனே "இவர்களுக்கு எதற்கு இடம்?" என்று பழைய பாட்டு ஆரம்பித்துவிட்டது. பெரிய அணிகள் முதல் சுற்றில் மண்ணைக் கவ்வினால் யாரும் அப்படிக் கேட்பதில்லை. பத்து தடவை சின்ன அணி தோற்கலாம். பதினோராவது தடவை ஒரு 43-42 வரும். அந்தப் பதினோராவது ஆட்டம் நடக்க வேண்டுமென்றால், முதல் பத்துக்கும் இடம் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.