குட்டையா, நெட்டையா?

பாவாடை தைக்கக் கொடுக்கும்போது, "வளர்கிற குழந்தை" என்று நாலு அங்குலம் கூட விட்டு உள்ளே மடித்துத் தைக்கச் சொல்கிறோம் அல்லவா? ஆல்ப்ஸ் மலையில் பனிச்சறுக்கு விளையாடப் போகிற பிள்ளைக்கு ஸ்கீபோர்டு எடுக்கும்போது மட்டும் இந்தச் சாமர்த்தியம் பலிக்காது!

ஸ்கீபோர்டு என்பது இரண்டு கால்களிலும் மாட்டிக்கொள்ளும் குட்டைப் பலகை ஜோடி. நீளம் ஏறக்குறைய ஒரு மீட்டர். கையில் கோல் தேவையில்லை. நெட்டையான ஸ்கீ பலகைக்கு ஆளின் உயரம் முக்கியக் கணக்கு. மோவாய்க்கும் நெற்றிக்கும் நடுவே எட்டினால் சரி என்பார்கள். குட்டைப் பலகைக்கோ உயரத்தைவிட எடைதான் முக்கியம். ஆளின் பாரத்தைப் பனியின்மேல் பரப்பித் தாங்குவது பலகைதானே? கனமான ஆளுக்கு அது போதாவிட்டால், புதுப் பனியில் முனை புதைந்து குப்புறத் தள்ளிவிடும். பனி கெட்டிப்பட்ட சரிவிலே பழகுகிறவர்களுக்குக் குட்டையே சௌகரியம். நினைத்த பக்கம் சட்டென்று திரும்பும். 1960களில் அமெரிக்காவில் கிளிஃப் டெய்லர் என்பவர் புதியவர்களுக்குக் குட்டைப் பலகையில்தான் பாடத்தை ஆரம்பித்தார்.

"சற்று நீளமாகவே இருக்கட்டுமே" என்கிறீர்களா? அங்கேதான் ஆபத்து. விழுந்தால், ஸ்கீயிலிருந்து பூட்ஸ் தானாகக் கழன்றுகொள்ளும்படி செய்திருக்கிறார்கள். பல ஸ்கீபோர்டுகளில் அது கழலாது. பலகை நீள நீள, நெம்புகோல் மாதிரி காலை முறுக்கும். முழங்காலுக்கும் எலும்புக்கும் சேதம். ஆகவே நீளமானதை எடுத்தால், கழலும் பூட்டு உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று: வயதை மறைத்தாலும் மறையுங்கள்; கடைக்காரரிடம் எடையை மட்டும் மறைக்காதீர்கள்!