ஆர்கானிக் என்று எழுதும் முன்

யூரியா ஆர்கானிக்கா? வேதியியல் ஆசிரியரைக் கேட்டால் ஆம் என்பார். இயற்கை உழவரைக் கேட்டால் அந்த மூட்டையை வயல் பக்கமே கொண்டுவராதீர்கள் என்பார். இருவர் சொல்வதும் சரி.

1828இல் ஜெர்மானிய வேதியியலாளர் வோலர், அம்மோனியம் சயனேட்டிலிருந்து யூரியாவைப் பெற்றார். சிறுநீரில் இருக்கும் பொருள் அது. இப்படிப்பட்டவை உயிருள்ள உடலில்தான் உண்டாகும், அதற்குத் தனியாக ஓர் உயிராற்றல் வேண்டும் என்று அறிஞர்கள் நம்பியிருந்த காலம். சிறுநீரகத்தின் துணையில்லாமலே யூரியா செய்துவிட்டதாகத் தம் ஆசான் பெர்சிலியசுக்கு வோலர் கடிதம் எழுதினார். அந்த நம்பிக்கை மெல்ல மெல்லக் கரைந்தது. ஆர்கானிக் வேதியியல் என்பது கரிமச் சேர்மங்களின் வேதியியல் என்று ஆனது. உயிர் போன பின்னும் பெயர் மட்டும் தங்கிவிட்டது.

உழவுக்கு அதே சொல் வந்தது வேறு வழியில். 1940இல் இங்கிலாந்தின் நார்த்போர்ன் பிரபு தம் நூலில் பண்ணையை ஓர் உயிரியாகப் பார்த்தார். மாடு, சாணம், மண், புழு, பயிர் எல்லாம் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் முழுமையைத்தான் அவர் ஆர்கானிக் என்றார். உரத்தில் கரிமம் இருக்கிறதா என்பது அவருடைய கேள்வியே அல்ல.

இந்த இரண்டு பொருளும் வயலில் நேருக்கு நேர் மோதுகின்றன. காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஹெலிகாப்டரிலிருந்து தெளிக்கப்பட்ட எண்டோசல்ஃபான், வேதியியல் கணக்கில் ஆர்கானிக். அது கரிமக் குளோரின் சேர்மம். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையில் கரிமமே இல்லை. ஆனால் ஆர்கானிக் பண்ணைக்குச் சான்று தருபவர்கள் அளவோடு அதை அனுமதிக்கிறார்கள். ஆகவே ‘ரசாயனமே இல்லாதது’ என்ற விளம்பரம் எந்தப் பொருளிலும் நிற்காது. கடைகளில் ஆர்கானிக் உப்பு என்ற பெயரைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. உப்பு விளைவது வயலில் அல்ல. அமெரிக்க விதிகளில் ஓர் உணவு எத்தனை விழுக்காடு ஆர்கானிக் என்று கணக்கிடும்போது தண்ணீரையும் உப்பையும் முதலிலேயே கழித்துவிடுவார்கள்.

தமிழகத்தில் நாம் இந்தச் சொல்லைப் பிரித்துக்கொண்டோம். பாடநூலில் கரிமம், 2023இல் வந்த அரசுக் கொள்கையில் அங்ககம், மக்கள் வாயில் இயற்கை. இலங்கையில் மாணவர் படிப்பது சேதன இரசாயனம், விவசாயி இடுவது சேதனப் பசளை. உயிருணர்வைக் குறிக்கும் ‘சேதனம்’ இரண்டு இடத்திலும் நிற்கிறது.

அந்த நாட்டில்தான் 2021இல் இரசாயன உர இறக்குமதியை அரசு ஒரேயடியாக நிறுத்தியது. நெல் விளைச்சல் சரிந்தது, தேயிலையும் அடிவாங்கியது. அதே ஆண்டு நவம்பரில் தடையைத் தளர்த்த வேண்டியதாயிற்று. துன்பப்பட்டவர்கள் விவசாயிகள். பழி சேதனப் பசளை மீது விழுந்தது. நார்த்போர்ன் சொன்ன முழுமை, மண்ணில் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து உருவாவது. அரசிதழ் அறிவிப்பால் ஒரு போகத்தில் அதைக் கொண்டுவர முடியாது. இயற்கை வேளாண்மையை நேசிப்பவர்கள் இதை உரக்கச் சொல்லியிருக்க வேண்டும் என்பது எங்கள் எண்ணம்.

இந்தியாவில் ஆர்கானிக் என்று பொட்டலத்தில் அச்சிட்டு விற்கச் சான்று வேண்டும். தம் விளைச்சலை நேரடியாக விற்கும் சிறு உழவருக்கு விலக்கு உண்டு. அவரிடம் முத்திரை இருக்காது, ஆனால் கேட்டால் பதில் இருக்கும். வேளாண்மை பற்றி எங்களுக்கு எழுதும் நண்பர்கள் அந்தப் பதிலை வாங்கி எழுதுங்கள்: அடியுரமாக என்ன இட்டார், பூச்சிக்கு என்ன தெளித்தார், பக்கத்து வயல் தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது. இவை இல்லாமல் ‘ஆர்கானிக்’ என்று மட்டும் வரும் கட்டுரைகளை இனி நாங்கள் திருப்பி அனுப்பிக் கேட்போம்.