அழிக்குமுன் அறிவோம்



‘வா’ என்பது ஏவல். அதுவே ‘வாராதே’ என்று நீண்டால் பொருள் தலைகீழாகிறது. விகுதியின் வலிமை தமிழருக்குப் புதிதன்று. கணினிக்கு இடும் கட்டளையிலும் இதே நிலைதான். வினைச்சொல் ஒன்று, அதன் பின்னே ஒரு சாய்கோடும் ஓர் எழுத்தும். அந்த ஓரெழுத்து பல ஆண்டு உழைப்பைக் காக்கவும் வல்லது, கரைக்கவும் வல்லது.

‘ஃபார்மட்’ என்னும் கட்டளையை எடுத்துக்கொள்வோம். 1981இல் ஐ.பி.எம். கணினியுடன் டாஸ் வெளிவந்தபோது ஒரு ஃபிளாப்பி கொண்டது 160 கிலோபைட்டே. 1983இல் அது 360 ஆயிற்று, 1984இல் 1.2 மெகாபைட்டும், 1987இல் 1.44 மெகாபைட்டும் வந்தன. தட்டுகள் பலவகையானதால் கட்டளைக்கும் குறிகள் பெருகின. சாய்கோட்டின் பின் ‘எஸ்’ என்று சேர்த்தால், கணினியைத் துவக்கத் தேவையான கோப்புகளும் தட்டில் ஏறும். ‘எஃப்’ என்பதுடன் 720 என்று எழுதினால் அந்த அளவில் தட்டு அமையும். ‘4’ என்று இட்டால் 1.2 மெகாபைட் இயக்கியில் 360 கிலோபைட் தட்டு உருவாகும். ஆனால் அந்த இயக்கியின் முனை குறுகியது. ஆதலால் அத்தட்டைப் பழைய இயக்கி படிக்கத் தடுமாறுவதுண்டு.

1991இல் வந்த ஐந்தாம் டாஸ்தான் நாம் கருதவேண்டியது. அதில் ‘கியூ’ என்றால் விரைவு: அட்டவணை மட்டும் வெறுமையாகும், உள்ளே எழுதியவை அப்படியே கிடக்கும். ‘யூ’ என்றால் நிபந்தனையற்ற அழிப்பு: ஃபிளாப்பியில் எழுதியவை போயே போய்விடும். இரண்டும் இடாவிட்டால், பழைய அட்டவணையின் படியைக் கணினி எடுத்துவைக்கும்; புதிதாக எதையும் எழுதாதவரை ‘அன்ஃபார்மட்’ என்னும் கட்டளையால் மீட்கலாம். பெயர் ஒன்று, செயல் மூன்று!

“பழங்கதை நமக்கெதற்கு?” என்று கேட்பீர்கள். பழங்கதை அன்று. ஆய்வுக்கூடங்களில் பழைய அளவுகருவிகள் சில இன்றும் டாஸ் கணினியை நம்பியே ஓடுகின்றன. அவற்றின் தட்டுகளில் இருப்பது நமக்கு முன் பயின்றவர்களின் உழைப்பு. இன்றைய விண்டோசிலும் ‘கியூ’ அப்படியே இருக்கிறது. மாறியது மற்றொன்று. முன்பெல்லாம் ஹார்டு டிஸ்க்கை முழுமையாக ஃபார்மட் செய்தாலும் தகவல் பெரும்பாலும் எஞ்சியிருந்தது. விஸ்டா முதல், ‘கியூ’ இன்றிச் செய்தால் தட்டு முழுவதும் சுழியங்களால் நிரப்பப்படுகிறது. பழைய நம்பிக்கையோடு புதிய கணினியில் கைவைப்பவர், மீட்க முடியாததை இழப்பார். அழிந்ததென நம்பி விரைவு முறையைக் கையாள்பவரோ, இருப்பதைப் பிறர் கையில் கொடுப்பார்.

இரண்டாவது கேடு நம்மை நேரே தொடுவது. படிப்பு முடிந்து ஊருக்கு ரயிலேறுமுன் மடிக்கணினியை விற்றுவிட்டுப் போவது நம்மிடையே வழக்கம். அதில் ஆதார் படி, வங்கிக் கணக்கு, வீட்டுப் படங்கள், முடியாத ஆய்வேடு எல்லாம் உண்டு. விரைவு ஃபார்மட் என்பது புத்தகத்தின் பொருளடக்கத்தைக் கிழிப்பது போன்றது. பக்கங்கள் பக்கங்களாகவே இருக்கும். மீட்பு மென்பொருள் வைத்திருப்பவர்க்குப் பொருளடக்கம் எதற்கு?

ஆகவே நாம் செய்யவேண்டியவை மூன்று. முதலில் படியெடுப்போம், அந்தப் படி வேறொரு கணினியில் திறக்கிறதா என்று பார்ப்போம். அடுத்து, எந்தக் குறி என்ன செய்கிறது என்று அறிந்தபின்பே கட்டளையிடுவோம். கைமாறப் போகும் ஹார்டு டிஸ்க்கானால் முழு முறையே வேண்டும், எஸ்.எஸ்.டி. வகையாயின் அதன் தயாரிப்பாளர் தரும் அழிப்புக் கருவியை நாடவேண்டும். மூன்றாவதாக, நம் மன்றம் பருவத்துக்கு ஒரு மாலையை ஒதுக்கி இதைப் புதிய மாணவர்க்குத் தமிழிலேயே செய்து காட்டட்டும்.

“தொடரலாமா?” என்று கணினி ஒருமுறைதான் கேட்கும். ‘ஆம்’ என்பது எளிது. எதற்கு ‘ஆம்’ என்கிறோம் என்று அறிவதன்றோ கல்வி!